வயதெல்லை இருபத்தைந்து

“இருபத்தாறுன்னு போட்டிருக்குப்பா! நேத்து வரைக்கும் எனக்கு இருபத்தொண்ணு, இன்னிக்கு—”

“மெதுவாப் பேசு புள்ள, பக்கத்துல அங்கம்மா காதத் தீட்டிக்கிட்டு—”

“—பதுளைக் கச்சேரி ஆபீஸ்ல மூணு மணி நேரம் நின்னு வாங்கிட்டு வந்திருக்கேன், முத்திரை குத்தின கடுதாசி. ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்தொம்பது, ஜனவரி—”

“—அந்தக் கிளாக்கருக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது. பழைய புத்தகத்தப் பாத்து எழுதுறப்ப கை தவறி—”

“கை தவறுனா அஞ்சு வருஷமாப்பா தவறும்?”

“தவறும். கவருமெண்டு கை. எவ்வளவு வேணும்னாலும் தவறும்.”

சந்திரகாந்தி அந்தப் பிறப்புப் பத்திரத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். காத்தமுத்து அதைப் பார்க்காமல் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் காலை முறை முடித்து வந்து குளித்து, ஒரு வாய் வெற்றிலை போடலாம் என்று உட்கார்ந்த மனிதர். மகள் பதுளையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஏற்றத்தில் ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பிடித்துக்கொண்டாள்.

“பாருங்கப்பா. பேரு சரி. ஒங்க பேரு சரி. அம்மா பேரு சரி. தேதிதான்—”

“பாத்தியா? மூணு சரியா இருக்கு. ஒண்ணு தப்பு. நாலுக்கு மூணு எடுத்தா பரீட்சையில பாஸ் போடுவாங்கல்ல?”

“அந்தப் பரீட்சைய எழுதவே விடமாட்டாங்கப்பா! அதத்தான் சொல்றேன்! வயசெல்லை இருபத்தஞ்சு!”

அரசாங்க வங்கிக்குக் கிளாக்கர் வேலைக்கு எழுதுவினைஞர் சேர்க்கிறார்கள் என்று அரசாங்க வர்த்தமானியில் வந்திருந்தது. பதினெட்டுக்குக் குறையாமல், இருபத்தைந்துக்கு மேற்படாமல் வயது. கணக்குப் பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றுத் தேறியிருக்க வேண்டும். இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தின் பிரதி இணைக்காத விண்ணப்பம் நிராகரிக்கப்படும். போன முறை இந்தப் பரீட்சை வந்து நாலு வருஷமாகிறது. தமிழில், பதுளையிலேயே உட்கார்ந்து எழுத இந்த முறைதான் விட்டிருந்தார்கள். விண்ணப்பம் சனிக்கிழமை கொழும்பில் இருக்க வேண்டும். அன்றைக்குப் புதன்.

சந்திரகாந்தியிடம் கணக்கு இருந்தது, சிங்களத்தில் சித்தி இருந்தது, பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டு இருந்தன. அவற்றை எல்லாம் மூன்று முறை செய்து முடித்துவிட்டாள். இரண்டு வருஷமாகத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக் கொடுத்தாள். லய வீடுகளில் இருக்கிற வயதுப் பிள்ளைகள் சும்மா இருக்கக் கூடாது, அடுத்த மாதம் கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டும் என்று தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். இந்த விண்ணப்பம் போகாவிட்டால் அவளுக்கு மிச்சம் அந்தக் கூடைதான்.

“நாளைக்கே கச்சேரிக்குப் போயி, இந்தப் பத்திரம் பிழை, திருத்திக் குடுங்கன்னு—”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“கவருமெண்டு எழுதுனது. நம்ம போயிப் பிழைன்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க.”

“ஐயோ, அப்பா!”

நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது. இரண்டு காம்பராவுக்கும் நடுவே சுவர் முக்கால் உயரம்தான். மேலே திறந்த வெளி.

“காந்தி, அப்பாவ ஏசாத ஆயா. அந்த மனுசன் என்னா செய்வாரு? அது அவ வயசுல்ல?”

“யாரு வயசு?”

அந்தப் பக்கம் அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது.

“அங்கம்மாக்கா! யாரு வயசு?”

“நான் சோறு வடிக்கணும்,” என்றாள் அங்கம்மா. ஒரு மூடி விழுந்து உருண்டது.

அப்போதுதான் வடிவம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு உள்ளே வந்தாள். தலையில் ஈரம், இடுப்பில் சாக்குப் படங்கு. மகளின் கையிலிருந்த தாளையும், புருஷன் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்த வெற்றிலையையும் பார்த்தாள். எழுத்து தெரியாதவள்தான். இருந்தாலும் அது என்ன தாள் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அது ஒன் வயசு இல்ல,” என்றாள். “அக்கா வயசு.”

“வடிவு!” என்றார் காத்தமுத்து.

“எந்த அக்கா?”

“ஒனக்கு முந்தினவ.”

“எனக்கு முந்தி ஜெயராசா அண்ணன்தானே?”

“அவனுக்கும் ஒனக்கும் நடுவுல ஒருத்தி. நாலரை வயசுல போயிட்டா.”

“அவ பேரு என்ன?”

வடிவம்மா படங்கின் முடிச்சை அவிழ்த்து, உதறி, மடித்தாள்.

“சந்திரகாந்தி.”

“அது என் பேரும்மா.”

“அவ பேருதான் ஒனக்கு.”

சந்திரகாந்தி உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே வீசிவிட்டுத் திரும்ப வந்தாள்.

“சரி. பேர வச்சீங்க. செத்த புள்ள பேர வைக்கிறது ஊரு வழக்கம்தான். என் பொறப்ப ஏன் எழுதல?”

“எழுதியிருக்கே,” என்றார் காத்தமுத்து, தாளைக் காட்டி. “சந்திரகாந்தி, பொம்பளப் புள்ள, தகப்பன் காத்தமுத்து, தாய் வடிவம்மா. இதுல எது பொய், சொல்லு?”

“தேதி!”

“தேதி ஒண்ணுதானே.”

“நான்தான்பா பொய்! நானே இதுல இல்ல! இது வேற புள்ள!”

“ஒனக்கு அந்த வருஷம் எப்பிடின்னு தெரியாது ஆத்தா.” காத்தமுத்து வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். “அரிசி வெல ஏறுன வருஷம். கொழும்புல கடையெல்லாம் அடைச்சு, பொலிசு துப்பாக்கிச் சூடு நடந்து... கூப்பன்ல குடுக்குற அரிசிதான் அரிசி. நாங்க லுணுகலைப் பக்கம் ஒங்க சின்னம்மா தோட்டத்துக்குத் திருநாளுக்குப் போயிருந்தோம். அங்க வச்சு அவ போயிட்டா. ஒங்க அம்மா வவுத்துல நீ அஞ்சு மாசம். செத்துட்டான்னு எழுதிக் குடுத்தா கூப்பன் புத்தகத்த அன்னிக்கே வாங்கிக்குவாங்க. நீ பொறந்து, ஒனக்குன்னு புதுக் கூப்பன் எழுதி வர எத்தன மாசம் ஆகுமோ. சரி, வரப்போறதும் ஒரு புள்ள, போனதும் ஒரு புள்ள. புத்தகம் ஒண்ணு இருக்குறது இருக்கட்டும்னு...”

“வரப்போறது ஆம்பளப் புள்ளையா இருந்திருந்தா?”

காத்தமுத்து யோசித்தார். அதை அவர் அப்போது யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“பொம்பளப் புள்ளதானே பொறந்துச்சு,” என்றார்.

“ஒன்னயும் சின்னம்மா வீட்டுலதான் பெத்தேன்,” என்றாள் வடிவம்மா. “கைக்கொழந்தையா இங்க தூக்கிட்டு வந்தேன். ஆபீஸ்ல யாரும் கேக்கல. லயத்துல எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லல.”

“எல்லாருக்குமா?”

“அப்ப இருந்தவங்க பாதிப் பேரு ஊருக்குப் போயிட்டாங்க.”

“நான் இருக்கேன்,” என்றது சுவர்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவனுக்கு அப்ப ஏழு வயசு. நான் ஒன்னத் தூக்கிட்டு வந்தப்ப, பாப்பா திரும்பி வந்துருச்சுன்னான். அப்பிடியே விட்டுட்டோம்.”

“பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப?”

“பொறப்புப் பத்திரம் தொலைஞ்சு போச்சுன்னேன்,” என்றார் காத்தமுத்து, இதையாவது சரியாகச் செய்தேன் என்ற குரலில். “கார்த்திகை மாசம், அம்பத்து மூணு. உள்ளதத்தான் சொன்னேன். மாஸ்டரும் எழுதிக்கிட்டாரு.”

“பள்ளிக்கூடத்துல ஒரு வயசு, கச்சேரியில ஒரு வயசு, கூப்பன்ல ஒரு வயசு! எந்தப் பரீட்சையிலப்பா இப்பிடி ஒரு கணக்குக் கேட்டிருக்காங்க? காத்தமுத்துவின் மகளுக்கு வயது என்ன?” சந்திரகாந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். “சரி. நாளைக்குப் பதுளையில பெட்டிசம் எழுதுற மர்ஸூக் நானாகிட்டப் போறோம். பிந்திப் பதியலாம், சத்தியக் கடதாசி குடுத்துப் பதியலாம். எங்கூடப் படிச்சவ ஒருத்தி பதிஞ்சிருக்கா. நீங்க வந்து கையெழுத்து வைக்கணும்.”

“நான் வரல.”

“ஏன்?”

காத்தமுத்துவின் கண் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிக்குப் போயிற்று.

“அந்தப் பெட்டியில இருக்குற பிரஜாவுரிமைக் கடுதாசிய நம்பித்தான் இந்தக் குடும்பம் இருக்கு. அதுல கை வைக்காத. மத்தவங்களப் பாத்தியா? பேரு கொண்டையன், தகப்பன் பேரு நொண்டியன், நீ இந்தியாவுக்குப் போன்னு எழுதி வந்துருது. மூட்ட கட்டிக்கிட்டு டேசன்ல கோச்சி ஏறுறாங்க. நம்மள யாரும் கேக்கல. ஏன்? அந்தக் கடுதாசி. ஒங்க அண்ணன் கவருமெண்டு பஸ்ஸுல வேலைக்கு நிக்கிறான். ஏன்? அந்தக் கடுதாசி.”

“நான் அந்தக் கடுதாசியவா கேட்டேன்? என் பொறப்பக் கேட்டேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான் ஆத்தா. ஒரு நூல இழுத்தா...”

“நான் இழுக்கத்தான் போறேன்.”

காலையில் எட்டு மணி பஸ்ஸுக்கு மூன்று பேரும் நின்றார்கள். சந்திரகாந்தி விண்ணப்பத்தோடு, காத்தமுத்து அவளைத் தடுக்கப் போகிறேன் என்று, பிரஜாவுரிமைக் கடுதாசியைத் துண்டில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு. வீட்டில் வைத்தால் மகள் எடுத்துவிடுவாள் என்று பயம். வடிவம்மாவை யாரும் கூப்பிடவில்லை. பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்காமல், திருநாளுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

ஹாலிஎலவில் பஸ் நின்றபோது கொண்டக்டர் காத்தமுத்துவை அடையாளம் கண்டுகொண்டான்.

“ஜெயராசாட அப்பாதானே? மகனுக்கு நிரந்தரம் போட்டாங்களாமே, இந்த மாசம்?”

“ஆமாங்க தம்பி.”

“இனிப் பயமில்ல. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அசைக்க ஏலாது.”

கொண்டக்டர் முன்னால் போனதும் காத்தமுத்து மகள் பக்கம் திரும்பினார். “கேட்டியா?”

“கேட்டேன்.”

“நல்லாக் கேட்டியா?”

“எனக்கும்தான்பா ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஒரு வேல வேணும்.”

“ஒனக்குக் கலியாணம்—”

“இருபத்தாறு வயசுக்காரிய யாருப்பா கட்டுவாங்க?”

முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வடிவம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மர்ஸூக் நானா கச்சேரிக்கு எதிரே, ஒரு தையற்கடையின் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர். பெட்டிசம், விண்ணப்பம், காணி உறுதிக்கு நகல், அப்பீல், எதுவென்றாலும் தட்டச்சு செய்து கொடுப்பார். ஜெயராசாவுக்குப் பஸ் வேலைக்கு எழுதிக் கொடுத்ததும் அவர்தான். பின்னால் தையல்காரனின் மிஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சாதாரணமாகப் பேசினாலும் அவர் குரல் சந்தைக் குரலாகத்தான் இருக்கும்.

“வாங்க காத்தமுத்து! என்ன, குடும்பமா வந்தீக்கி? மகளுக்கு மாப்புள சரிவந்திட்டா?”

“இல்ல நானா. வங்கிப் பரீட்சைக்கு எழுதணும்,” என்றாள் சந்திரகாந்தி.

“அல்ஹம்துலில்லாஹ்! இந்தக் கெழமக்கி நீ பதினாலாவது. என்ட வீட்டுக்காரி ஸுபைராட தங்கச்சி மகளும் போடுறா. அவக்கி ஏழும் எட்டும் கூட்டத் தெரியா. எங்க, பத்திரத்தக் கொண்டா.”

சந்திரகாந்தி சொன்னாள். மூச்சு விடாமல், ஒழுங்காக, வினாத்தாளுக்கு விடை எழுதுவதுபோல் சொன்னாள். மர்ஸூக் நானா முதலில் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்தினார். முடியும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

“காத்தமுத்து. என்ன மனுசன் நீங்க?”

“அரிசிக்குத்தான் நானா—”

“வெளங்குது. எங்க அந்தப் பிரஜாவுரிமைக் கடுதாசி? மடியிலதானே வச்சீக்கி? வயித்துவலிக்காரன் மாதிரிக் கைய அதுலயே வச்சீக்கிறதப் பாத்தாலே வெளங்குது. எடுங்க. நான் திண்டுட மாட்டேன்.”

காத்தமுத்து துண்டை அவிழ்த்தார். மர்ஸூக் நானா அதை வலப்பக்கமும் பிறப்புப் பத்திரத்தை இடப்பக்கமும் வைத்து, இரண்டையும் உள்ளங்கையால் நீவிவிட்டார்.

“மகள், இங்க பாரு. வாப்பா இதுக்கு எழுதிப் போட்டது அம்பத்தொண்டுல. அப்ப வீட்டுல ஈந்தவங்கட பேர எல்லாம் குடுத்தீக்கி. பொஞ்சாதி வடிவம்மா. மகன் ஜெயராசா. மகள் சந்திரகாந்தி, பொறந்தது நாப்பத்தொம்பது ஜனவரி. கடுதாசி கையில வந்தது அம்பத்தேழுல. அதுக்கெடையில அந்தப் புள்ள மௌத்து, நீ பொறந்தாச்சு. ஆனா இவங்க ஒன்னயப் பத்தி ஒரு வரி எழுதல்ல. வெளங்குதா?”

“வெளங்குது.”

“அப்ப கேளு. நீ நாப்பத்தொம்பதுல பொறந்தவ என்டா, நீ இந்த நாட்டுப் பிரஜை. கடுதாசி ஈக்கி, பேர் ஈக்கி, எல்லாம் ஈக்கி. ஆனா வயசு போய்ட்டு, பரீட்சை எழுத ஏலா. நீ அம்பத்து மூணுல பொறந்தவ என்டா, வயசு ஈக்கி, தாராளமா ஈக்கி. ஆனா நீ எந்த நாடு? இந்தக் கடுதாசியில நீ இல்ல. இதுல ஈக்கிறது அந்தப் புள்ள.”

“வயச இதுல இருந்தும், பிரஜாவுரிமைய அதுல இருந்தும் எடுக்க ஏலாதா நானா?”

“இதென்ன சீத்தத் துணியா மகள்? இதுல ரெண்டு மொழம், அதுல ரெண்டு மொழம் வெட்டித் தைக்க?”

பின்னால் தையல்காரன் சிரித்தான்.

“நான் சொன்னேனா இல்லையா?” என்றார் காத்தமுத்து. நேற்றிலிருந்து முதல் தடவையாக அவர் குரலில் தெம்பு வந்திருந்தது. “நூல இழுத்தா—”

“நீங்க வாயத் தொறக்க வாணாம்!” மர்ஸூக் நானா மேசையைத் தட்டினார். “உசிரோட ஈக்கிற புள்ளய இருபத்தொரு வருஷமா ஒரு கடுதாசியிலயும் இல்லாம வளத்துட்டு, சொன்னேனா இல்லையா என்டு கேக்குறீங்க!”

“அப்ப வழியே இல்லையா நானா?” என்றாள் சந்திரகாந்தி.

மர்ஸூக் நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“ஒண்டு ஈக்கி. நல்ல வழி என்டு நான் செல்ல மாட்டேன். உள்ளத உள்ளபடி எழுதுறது. மூத்தவ இன்ன தேதியில மௌத்து, எளையவ இன்ன தேதியில பொறந்தா, தெரியாத்தனத்துல பதியாம விட்டுட்டம் என்டு சத்தியக் கடதாசி. அத வச்சுப் பிந்திய பதிவுக்கு ஒரு விண்ணப்பம், கடுதாசியில ஒன்ட பேரச் சேக்கச் செல்லி இன்னொரு விண்ணப்பம். மூணுட பிரதியையும் வங்கி விண்ணப்பத்தோட குத்தி, பதிவு நடந்துகொண்டு ஈக்கிது என்டு கடிதம் வச்சு இண்டைக்கே தபால்ல போடுறது. பரீட்சை எழுத விடலாம். விடாமலும் போகலாம். விட்டாங்க என்டா, நேர்முகத்துக்குக் கூப்புடுறதுக்குள்ள பதிவு வந்தாச் சுகம்.”

“எழுதுங்க நானா.”

“நில்லு. கையெழுத்து வைக்க வேண்டியது வாப்பா. கடுதாசி அவர்ட. அவர்தான் சத்தியம் செய்யணும். சந்திக்கு அந்தப் பக்கம் சத்தியக் கடதாசிக்கு முத்திரை வைக்கிற ஜே.பி. ஈக்காரு, பன்னெண்டரை மட்டும்தான். அதோட, காத்தமுத்து, இதையும் கேட்டுக்கங்க. இருபத்திரெண்டு வருஷமா ஏன் மறைச்ச என்டு அவங்க திருப்பிக் கேக்கலாம். கேட்டு, முழுக் கடுதாசியையும் தோண்டலாம். தோண்ட மாட்டாங்க என்டு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.”

“நான் வைக்க மாட்டேன்,” என்றார் காத்தமுத்து.

“அப்பா.”

“வைக்க மாட்டேன். இந்தப் பரீட்சைக்கு எத்தன பேரு வருவாங்க?”

“ஆறாயிரம் பேராம்.”

“எத்தன பேர எடுப்பாங்க?”

“நூத்தம்பது.”

“அந்த நூத்தம்பதுக்காக ஒங்க அண்ணன பஸ்ஸுல இருந்து எறக்கணுமா? மருமகளுக்கு இது எட்டாம் மாசம். அந்தப் புள்ள பொறந்து அதுக்கும் நாடு இல்லன்னா? ஆறாயிரத்துல நூத்தம்பது! அதுல நீ வருவியா?”

“வருவேன்.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன். மூணு தடவ செஞ்ச வினாத்தாள் சொல்லுது. கணக்குல ஒரு பிழை விட்டா என்னக் கேளுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்பா. நான் பொறந்தேன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.”

“பொறந்தேன்னு இல்ல ஆத்தா. நான் பொய் சொன்னேன்னு கையெழுத்து.”

“சொன்னீங்கதானே?”

காத்தமுத்து கடுதாசியை மடித்துத் துண்டில் வைத்தார். தையல் மிஷின் நின்றிருந்தது. தையல்காரனுக்கு இன்றைக்குச் சட்டை தைத்து முடியாது போலிருந்தது.

“நீங்க எழுதுங்க நானா,” என்றாள் வடிவம்மா.

இவ்வளவு நேரமும் மேசைக்கால் பக்கம் குந்தியிருந்தவள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை.

“நான் கையெழுத்து வைக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் வடிவு.”

“வைக்காதீங்க. யாரு இப்ப ஒங்கள வைக்கச் சொன்னா? அவரு எழுதட்டும். எழுதுனத வாசிக்கட்டும். அதக் கேட்டுட்டு வைக்காம இருங்க.”

மர்ஸூக் நானா ஒருவரை விட்டு ஒருவரைப் பார்த்தார். பிறகு இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் வைத்து, மிஷினில் சுருட்டிவிட்டார்.

“மூத்தவட பொறப்புப் பத்திரத்துல ஈக்கி. மௌத்தான தேதி?”

“ஆடி மாசம். ரெண்டாவது வெள்ளி.”

“இங்கிலீஸ் தேதி வேணும்.” மேசை லாச்சியைத் திறந்து, அட்டை கிழிந்த நீளப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். “அம்பத்து மூணு... ஆடி... ஜூலை இருபத்து நாலு. சரிதானா காத்தமுத்து?”

“எனக்கு நெனவில்ல.”

“சரிதான்,” என்றாள் வடிவம்மா. “போடுங்க.”

தட்டினார். “எடம்?”

“லுணுகலைக்கு மேல. என் தங்கச்சி தோட்டம். மேக் கணக்குப் பிரிவு, ஆறாம் நம்பர் லயம்.”

“காரணம்?”

“வவுத்தால போச்சு. ரெண்டு நாளு. வியாழக்கெழம சாயங்காலம் கொத்தமல்லித் தண்ணி குடிச்சா. கொஞ்சம் நல்லாருக்குன்னா. விடியக்குள்ள கை சில்லுன்னு ஆயிப்போச்சு.”

சந்திரகாந்தி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்தான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றார் காத்தமுத்து.

“பஸ் பின்னேரம் வரைக்கும் ஈக்கி.” மர்ஸூக் நானா தட்டுவதை நிறுத்தி, சட்டென்று நிமிர்ந்தார். “ஏய், நில்லுங்க! தோட்டத்துல மௌத்து என்டா, தோட்டத்து மயானத்துலதானே அடக்கினது?”

“ஆமா,” என்றாள் வடிவம்மா.

“அல்லாஹ்வே! அப்ப இவ்வளவு நேரமும் நம்ம ஏன் மண்டைய ஒடைச்சோம்? தோட்டத்து மயானத்துல குழி வெட்டுறதுக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து ஐயாட சீட்டு வேணும். சீட்டு இல்லாம மண்வெட்டி எடுக்க விட மாட்டாங்க. அந்தச் சீட்டுட அடிக்கட்டை ஆபீஸ்ல ஈக்கும். தோட்டத்து ஆபீஸ் எத எறிஞ்சாலும் அத எறிய மாட்டாங்க. மூத்தவ மௌத்து என்டு அவங்கட கையாலேயே எழுதின துண்டு! அது ஒண்டு கையில ஈந்தா இவர் சொல்ற சத்தியத்துக்கு யாரும் மறுபேச்சுப் பேச ஏலா. மறைச்ச என்டு கேக்கவும் ஏலா. எழுதிக் குடுத்தோம், நீங்கதான் கூப்பனுக்கு அறிவிக்கல்ல என்டு செல்லலாமே!”

“அப்ப அண்ணனுக்கும் ஒண்ணும் ஆகாதா?” சந்திரகாந்தி எழுந்தே விட்டாள். “லுணுகலைக்குப் பதினொரு மணிக்கு ஒரு பஸ் இருக்கு நானா. நான் போயிச் சின்னம்மாவக் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்குப் போறேன். நீங்க மத்தத எழுதி வைங்க. நாளைக்கு ஜே.பி.கிட்ட வச்சு, ஸ்பெஷல் தபால்ல போட்டா சனிக்கிழமைக்குள்ள—”

“சீட்டு இல்ல,” என்றார் காத்தமுத்து.

“ஈக்கும் காத்தமுத்து. இருபத்திரெண்டு வருஷம் என்ன—”

“எடுக்கல நானா.”

“எடுக்கல்லயா?”

“சீட்டு எடுத்தா சாவு எழுதுவாங்க. சாவு எழுதுனா கூப்பன வாங்கிருவாங்கன்னு... மச்சானும் சரின்னு சொன்னாரு. மருந்து ஐயாகிட்டப் போகவே இல்ல.”

“அது எப்பிடி? மயானத்துல காவக்காரன் ஈப்பானே. சீட்டு இல்லாம அவன் எப்பிடிக் குழி—”

மர்ஸூக் நானா அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன.

வடிவம்மா மெல்ல எழுந்தாள். அன்றைக்கு அவள் தங்கச்சி வீட்டு வாசல் வரைதான் போனாள். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிப் புருஷன் தோளில் வாங்கிக்கொண்டதையும், தங்கச்சி புருஷன் மண்வெட்டியோடு பின்னால் போனதையும், இரண்டு பேரும் மூடுபனிக்குள் வளைவு திரும்பியதையும் பார்த்தாள். குளித்துவிட்டுத் திரும்பி வந்தவர்களிடம் பெண்கள் ஒன்றும் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது அவள் புருஷனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

“அப்ப அவள எங்கங்க வச்சீங்க?”